சிவப்பு வட்டத்துக்குள் நம் பிணம்: தம்ப்நெயில் குறித்து தோழர்களுக்கு



சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நம் பிள்ளைகள் இப்போது சேனல் தொடங்குகிறார்கள். ஓமலூர், ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கைபேசியும் ஒரு சட்டை மைக்கும் வைத்துக்கொண்டு சேரியின் சேதியை உலகத்துக்குச் சொல்லும் நாலு பேர் இருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்தக் காணொளிகளின் முகப்பில் ஒட்டப்படும் சின்னப் படம் இருக்கிறதே, தம்ப்நெயில், அதைப் பற்றி நமக்குள்ளேயே ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதைப் போட்டுவிடுவோம்.

நமக்குள் இரண்டு தரப்பு இருக்கிறது. முதல் தரப்பு, 'ஷாக் இல்லாமல் எவனும் தொடமாட்டான்' என்கிறது. வெட்டுப்பட்ட உடம்பு, மங்கலாக்கியும் மங்காத ரத்தம், மார்பில் அடித்துக்கொண்டு அழும் தாய், அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், ஒரு மஞ்சள் அம்புக்குறி, 'பதறவைக்கும் காட்சி' என்று ஒரு வரி. இரண்டாவது தரப்பு, 'நாம் என்ன சினிமாக்காரர்களா? உண்மையைப் பேசினால் மக்கள் தானாக வருவார்கள்' என்கிறது. அவர்களுடைய தம்ப்நெயிலில் மேலே வரிசையாகப் பத்துத் தலைவர்கள், கீழே மாவட்டப் பொறுப்பாளர்கள், நடுவில் முப்பது சொற்களில் கண்டன ஆர்ப்பாட்டத் தலைப்பு. சுவரொட்டியை அப்படியே சுருக்கிக் கைபேசித் திரையில் ஒட்டியதுபோல் இருக்கும். ஒரு எழுத்தும் தெரியாது.

முதல் தரப்பு நம் சாவை விற்கிறது. இரண்டாம் தரப்பு நம் செய்தியைப் புதைக்கிறது. இரண்டையும் எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

இரண்டாம் தரப்பிடம் முதலில் ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டும். முகப்பு என்பது நம் இயக்கத்துக்கு அந்நியமான வேலை அல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லை ஊர் வசையாக வீசியதோ அதையே முதல் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் அச்சடித்தார். வாங்குகிறவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டே வாங்க வேண்டும். 1907 ஜூனில் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் ஆரம்பித்த வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் சேர்த்தார். இது உன்னால் வாங்க முடிந்த பத்திரிகை என்று கூலிக்காரனுக்கு அந்த முகப்பே சொல்லிவிட்டது. ஓராண்டு கழித்து 'தமிழன்' என்று சுருங்கிய பிறகும், தமிழன் யார் என்ற கேள்வியை அந்த ஒற்றைச் சொல் எழுப்பிக்கொண்டே இருந்தது. இவை இரண்டும் அலங்காரத்துக்கு வைத்த பெயர்களா? உள்ளே இருக்கும் அரசியலை வெளியிலேயே பேசிய பெயர்கள்.

1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். வாயில்லாதவர்களின் தலைவன் என்று பொருள். அந்த இதழுக்காகக் காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டபோது திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. இதழ் வரப்போகிறது என்று நாலு பேருக்குத் தெரியப்படுத்தும் அந்தச் சிறு கட்டத்துக்குள்கூட நமக்கு இடமில்லை என்றார்கள். இன்று அந்தக் கட்டம் நம் கையில் இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கிடைத்த கட்டத்தை, 'எங்களுக்கு விளம்பரம் பிடிக்காது' என்று அலட்சியமாக விட்டுவிடுவது எளிமை ஆகாது. அண்ணல் காசு கொடுத்துக் கேட்டதை நாம் இலவசமாகக் கிடைத்தும் வீணடிக்கிறோம் என்று பொருள்.

இப்போது முதல் தரப்புக்கு வருவோம். படத்தின் வலிமை என்ன என்பதை மற்ற ஊர்க்காரர்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நம் மண்ணில் அதை நாம் கண்ணால் பார்த்தோம்.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த 21 வயதுப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடைத்தார். அதற்குள் ஒரு கதை தயாராக இருந்தது. தற்கொலை என்றார்கள். கட்டாயப்படுத்தி எழுதவைத்த கடிதமும், பேசவைத்துக் கைபேசியில் எடுத்த காணொளியும் அந்தக் கதைக்காகத் தயாரிக்கப்பட்டவை என்பதுதான் அரசுத் தரப்பு வழக்கு. முதல் குற்றவாளியான யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு குரல்பதிவாக வெளியிட்டார், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். 2015 அக்டோபரில் நாமக்கல் சிபிசிஐடி அலுவலகத்தில் சரணடைய வந்தபோது அது ஏதோ மாநாட்டு வரவேற்பு மாதிரி நடந்தது. கொலை வழக்கில் தேடப்படுகிறவர் தனக்கென ஒரு பிம்பத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஊடகங்கள் உளி எடுத்துக் கொடுத்தன.

அதே வழக்கில் இன்னொரு படமும் இருந்தது. கோயிலின் சிசிடிவி பதிவு. அம்புக்குறி இல்லை, சோக இசை இல்லை. மங்கலான, ஓசையில்லாத பதிவு. முக்கிய சாட்சி பிறழ்ந்துபோன பிறகும் வழக்கைத் தாங்கி நின்ற தூண்களில் அது ஒன்று. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதிகள் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு வந்து கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தார்கள். பரபரப்புக்காகச் செய்யப்பட்ட படங்கள் வாட்ஸ்அப்பில் வென்றன. உள்ளதை உள்ளபடி காட்டிய படம் நீதிமன்றத்தில் வென்றது. அந்தத் தாயும், அரசு சிறப்பு வழக்கறிஞர் ப.பா.மோகனும், கூட நின்ற தோழர்களும் ஆண்டுக்கணக்கில் இழுத்து வந்த வெற்றி அது. இந்த இரண்டு வகைப் படங்களில் நம் சேனல் எந்த வகையைச் சேர்ந்தது? தம்ப்நெயில் செய்ய உட்காரும் ஒவ்வொரு தம்பியும் தங்கையும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அந்த முக்கிய சாட்சியையும் நினைத்துப் பாருங்கள். வழக்கு நடந்த காலமெல்லாம் அந்தப் பெண்ணின் படமும் பெயரும் ஊடகங்களில் சுற்றிக்கொண்டே இருந்தன. சாதிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நெருக்கப்பட்டு நிற்கும் ஒரு சாட்சியின் முகத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் வைத்தால் அவருக்கு என்ன ஆகும்? எஸ்சி/எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, தேவைப்பட்டால் சாட்சிகளின் பெயர், முகவரியைக்கூடத் தீர்ப்பில் மறைக்கலாம் என்கிறது. நீதிமன்றமே மறைக்கத் தயாராக இருக்கும் முகத்தை, நூறு வியூஸ் கூடுதலாக வரும் என்று நாம் எடுத்து முன்னால் வைப்பது எந்த ஊர் நியாயம்?

2018 அக்டோபரில் ஆத்தூர் அருகே 13 வயது தலித் சிறுமி தன் தாயின் கண் முன்னாலேயே கழுத்தறுத்துக் கொல்லப்பட்டாள். முதல் சில நாட்கள் பெரிய ஊடகங்கள் வாயைத் திறக்கவில்லை. நாம் கோபப்பட்டோம், கோபப்பட்டது சரி. ஆனால் அந்தக் கோபத்தில் பரவிய படங்கள்? பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் அடையாளம் தெரியும்படி ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. சட்டத்தை விடுங்கள். அந்தப் பிள்ளை கடைசியாகக் கிடந்த கோலம்தான் உலகத்துக்கு அவளுடைய முகமா? பள்ளிக்கூடம் போன பிள்ளை அவள்.

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்ட காட்சியும் சிசிடிவியில்தான் பதிவானது. குற்றத்தை நிரூபிக்க வேண்டிய பதிவு வீட்டுத் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. அதைப் பார்த்த சாதிவெறியனுக்கு அது தண்டனையை நினைவூட்டியதா, வழியைக் காட்டியதா? பார்த்த நம் பிள்ளைகளுக்குக் கோபத்தைக் கொடுத்ததா, 'காதலித்தால் இதுதான் கதி' என்ற பயத்தைக் கொடுத்ததா? ஆணவக் கொலை செய்கிறவன் கொல்வது ஒருவரை, மிரட்ட நினைப்பது ஓர் ஊரை. வெட்டுப்பட்ட உடலை முகப்பில் வைக்கும் சேனல், அது நம்முடைய சேனலாகவே இருந்தாலும், அந்த மிரட்டலை அவனுக்காகச் சம்பளமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

'சரி, ஆனால் அல்காரிதம் அப்படித்தானே கேட்கிறது?' என்பார்கள். கேட்கிறதா என்று பார்ப்போம். யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் சொல்லும் கணக்குப்படி, பாதிச் சேனல்களுக்குக் கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதம். அதாவது தம்ப்நெயில் 100 முறை கண்ணில் பட்டால் தொடுவது 2 முதல் 10 முறை. பெரிய சேனலுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். தொட்டவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது அடுத்த கணக்கு. ஒரே காணொளிக்கு மூன்று தம்ப்நெயில் கொடுத்துச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அதில் வென்றதை யூடியூப் கிளிக்கை எண்ணி முடிவுசெய்வதில்லை, பார்த்த நேரத்தை வைத்துத்தான் முடிவுசெய்கிறது. ரத்தத்தைக் காட்டிக் கூப்பிட்டு, உள்ளே வட்டாட்சியரிடம் மனு கொடுத்ததைக் காட்டினால் அவன் பத்து வினாடியில் ஓடிவிடுவான். இது போதாதென்று, முகப்பில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருக்கும் செய்திக் காணொளிகள் மீது இந்தியாவில் நடவடிக்கை எடுக்கப்போவதாக 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. கோரக் காட்சியை முகப்பில் வைத்தால் வயதுக் கட்டுப்பாடு வரலாம். வந்தால் 18 வயதுக்குக் கீழே இருக்கும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் காணொளி கிடையாது. யாருக்காகச் சேனல் நடத்துகிறோமோ அவர்களையே வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

அப்படியானால் என்ன வைப்பது? நாங்கள் இளைஞர்களோடு உட்கார்ந்து பழகும்போது சொல்லும் சில விதிகளை இங்கே வைக்கிறோம்.

குற்றம் செய்தவன் பக்கம் கேமராவைத் திருப்புங்கள். 2023 ஜனவரியில் சேலம் திருமலைகிரியில், கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஆளுங்கட்சி நிர்வாகி ஒருவர் ஊரார் முன்னிலையில் வசைபாடிய காணொளி நாடு முழுக்கப் பரவியது. கட்சி அவரை இடைநீக்கம் செய்தது, காவல்துறை கைதுசெய்தது. அந்தக் காணொளியிலிருந்து ஒரே ஒரு காட்சியை வெட்டி எடுக்கச் சொன்னால் எதை எடுப்பீர்கள்? தலைகுனிந்து நிற்கும் இளைஞரையா, விரலை நீட்டி மிரட்டுகிறவரையா? வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதைத் தம்ப்நெயில்தான் முதலில் தீர்மானிக்கிறது.

பொருளைக் காட்டுங்கள். பூட்டிய கோயில் கதவு. தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர். மயானத்துக்குப் பாதை இல்லாத ஓடை. பட்டா நகல். முதல் தகவல் அறிக்கையின் முதல் பக்கம். கோழிப்பண்ணையில் கழிவள்ளும் கை. தறிக்குழிக்குப் பக்கத்தில் படிக்கும் பிள்ளை. இவை நம்மிடம் மட்டுமே இருக்கும் படங்கள். எந்தப் பெரிய டிவியும் இவற்றுக்காக வண்டி அனுப்பாது. ஆவணத்தைக் காட்டும்போது பெயர், கைபேசி எண், ஆதார் எண் மூன்றையும் அழித்துவிட்டுக் காட்டுங்கள்.

முகம் வைத்தால் உயிருள்ள முகம் வையுங்கள், பேசுகிற முகம் வையுங்கள். இறந்தவரைக் காட்ட வேண்டியிருந்தால் வீட்டார் விரும்பும் படத்தை, அவர் சட்டை இஸ்திரி போட்டு நின்று எடுத்துக்கொண்ட படத்தை, கேட்டு வாங்குங்கள். முடித்த தம்ப்நெயிலை ஏற்றுவதற்கு முன் அந்த வீட்டில் காட்டுங்கள். அந்தத் தாயிடம் காட்டக் கை கூசும் படத்தை ஊருக்குக் காட்டாதீர்கள். இதற்கு மேல் அறநெறி நூல் எதுவும் தேவையில்லை.

நிறத்தில் கை வைக்காதீர்கள். ஆதிக்கசாதிப் பெருமைக் காணொளிகளின் முகப்பைக் கவனித்திருப்பீர்கள்: முறுக்கு மீசை, சிங்கம், வரிசையாக வெள்ளைக் கார், பின்னால் பொன்னிற வெயில். நம்மைப் பற்றியது என்றால் கறுப்பு வெள்ளை, கலைந்த தலை, கையேந்திய கோலம். இப்போது செயற்கை நுண்ணறிவில் அழும் கிழவியை உருவாக்கி ஒட்டும் பழக்கமும் வந்துவிட்டது. ஒரே ஒரு பொய்ப்படம் போதும், நம்முடைய பத்து உண்மைப் படங்களையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள். வன்கொடுமை வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இதைவிட நல்ல பரிசு வேறு இல்லை.

சொல்லில் கவனம் வையுங்கள். 'காதல் விவகாரத்தில் வாலிபர் மரணம்' என்றால் ஒரு தீர்ப்பு. 'சாதி ஆணவக் கொலை' என்றால் வேறு தீர்ப்பு. 'கௌரவக் கொலை' என்ற சொல்லை நம் முகப்பில் ஏற்றவே கூடாது. கொலையில் கௌரவம் எங்கிருந்து வந்தது? இரு சமூகத்தினர் மோதல் என்று எழுதாதீர்கள், ஒரு பக்கம் அடித்து ஒரு பக்கம் அடிபட்டிருக்கும்போது. வசைச்சொல்லை அப்படியே பெரிய எழுத்தில் போடாதீர்கள். இரட்டைமலை சீனிவாசன் அந்தச் சொல்லைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது வேறு. மற்றவன் துப்பியதை வியூஸுக்காக நாம் மறுபடி துப்புவது வேறு.

இனி இரண்டாம் தரப்புத் தோழர்களுக்குக் கைவேலை. அளவு 1280க்கு 720 பிக்சல். அது பேருந்தில் நின்றபடி பார்க்கிறவரின் கையில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். ஆகவே நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம். 'ஒடுக்கப்பட்டோருக்கான' என்று எழுதினால் திரை முடிந்துவிடும். 'பாதை எங்கே?' என்று எழுதுங்கள். தலைப்பு வரியில் வேறு தகவலைச் சொல்லுங்கள், படத்தில் இருப்பதையே திருப்பிச் சொல்லாதீர்கள். வலது கீழ் மூலையில் காணொளியின் நேரம் வந்து உட்காரும். அங்கே எழுத்து வேண்டாம். முக்தா மலர், பலூ தம்பி, கேட்டமரன் போன்ற தடித்த தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மெல்லிய எழுத்தில் புள்ளியும் கொம்பும் கரைந்துபோகும். சில செயலிகளில் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும், பார்க்காமல் ஏற்றிவிடாதீர்கள். பிக்சல்லேப்போ கேன்வாவோ எதுவானாலும், முடித்ததும் கைபேசியைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்தும் வாசிக்க நேரமில்லாத நம் அக்கா ஒருவருக்கு அது ஒரே பார்வையில் புரிய வேண்டும்.

தலைவர்கள் படம்? அண்ணல் உள்பட யாரையும் அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் ஒட்டுவது மரியாதை அல்ல. பொறுப்பாளர்களின் வரிசை சுவரொட்டிக்கு இருக்கட்டும். சேனலுக்கு ஒரே நிறம், ஒரே எழுத்துரு, மூலையில் ஒரே சின்னம் என்று வைத்தால் ஆறு மாதத்தில், பெயரைப் படிக்காமலேயே 'இது நம்ம பிள்ளைங்க சேனல்' என்று தெரிந்துகொள்வார்கள். நம்பிக்கை அப்படித்தான் சேர்கிறது.

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக 'தலித் கேமரா' போன்ற முயற்சிகள், யாரும் படம்பிடிக்காத நம் கூட்டங்களையும் வாக்குமூலங்களையும் பதிவுசெய்து காட்டின. நம் கையில் கேமரா வந்தால் என்ன நடக்கும் என்பதை நிரூபித்தன. கேமரா வந்துவிட்டது. அதன் வாசலில் எதை மாட்டுகிறோம் என்பதுதான் இப்போது கேள்வி.

நம் சாவைப் பார்க்க இந்த நாடு எப்போதும் தயாராகவே இருந்திருக்கிறது. அதற்கு நாம் உழைக்க வேண்டியதில்லை. பூட்டை, பட்டாவை, தீர்ப்பை, எழுந்து நின்று பேசும் பெண்ணைப் பார்க்கத்தான் அது கண்ணை மூடிக்கொள்கிறது. அந்தக் கண்ணைத் திறக்கும் வேலைக்குத் திறமை வேண்டும், உழைப்பு வேண்டும், நேர்மை வேண்டும். ஒரு காணொளிக்கு மூன்று நாள் அலைகிறோம், தம்ப்நெயிலுக்கு மூன்று நிமிடம் கொடுக்கிறோம். அடுத்த காணொளிக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள் தோழர்களே.

ஜெய்பீம்.